இறக்கைக்கு அடியில் ஒரு வெள்ளை மடல்

எங்கள் சனத்தில் ஈயைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளே உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் சொந்தத்தில் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, எதற்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "என்ன கயலு, இன்னும் ஈ ஓட்டீட்டுத்தான் இருக்கறயா?" என்று கேட்பார்கள். ஆமாம், சம்பளம் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறேன் என்று நானும் வெடுக்கென்று சொல்லிவிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக் கூலிக்குப் போன குடும்பத்தில் அது சின்ன விஷயமில்லை. எம்.ஃபில். பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது உக்கடம் கறிக்கடைகளில் மொய்க்கிற ஈக்கள். பார்த்தால் அச்சில் வார்த்தது மாதிரி ஒன்றாகவே இருக்கிற நீலப்பச்சை ஈக்களை எந்த அடையாளத்தை வைத்துப் பிரித்துச் சொல்வது என்பதுதான் ஆராய்ச்சி. முக்கால்வாசிப் பேருக்கு அதைக் கேட்டாலே குமட்டும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரம், கல்லூரி ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பேசியது என் அக்கா பாவாத்தாள். எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் ஆள் நிற்கிறார்களே என்று அழக்கூட முடியாமல், "மாமா புண்ணுல புழு வெச்சிருச்சு கண்ணு," என்றாள். நான் அப்படியே பஸ் ஏறினேன்.

மாமா என்பது அவள் புருஷன் திருமலைசாமி. தென்னை ஏறுகிறவர். ஒரு மழைநாளில் மரத்திலிருந்து வழுக்கி விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கை இரண்டும் நன்றாக இருந்தன, புத்தி அதைவிட நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. குழந்தை குட்டி இல்லை. அக்கா தேங்காய் நார் மில்லுக்கு வேலைக்குப் போய், அவரையும் பார்த்துக்கொண்டாள். காலையில் மில்லுக்குப் போகும் முன்னால் அவரைத் துடைத்து, வலது இடுப்பில் இருந்த படுக்கைப்புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டுக் கட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். மத்தியானம் ஓடிவந்து சோறு போட்டுக் கொடுப்பாள், ஓடிப்போவாள். இரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

உயிரோடு இருக்கிற மனுஷன் உடம்பில் புழு வைப்பதை எங்கள் பக்கம் வியாதி என்று சொல்ல மாட்டார்கள். அது பழி. மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுகிறவர்கள்கூட அதைத்தான் சொல்லி விடுவார்கள். படுத்துக்கிடப்பவன் உடம்பில் புழு என்றால், பார்த்துக்கொள்ள வேண்டியவள் பார்க்கவில்லை, அழுகவிட்டுவிட்டாள். அதற்கு வேறு அர்த்தமே அங்கே கிடையாது.

புழுவைப் பார்த்தது மாமாவின் அண்ணன் அரங்கசாமி. வாராவாரம் தம்பியைப் பார்க்க வருகிறவர், போர்வையை விலக்கியிருக்கிறார். தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் போனபோது வார்டு வாசலில் நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. அக்காவை உள்ளே விடவில்லை. அவள் வெளியே வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ற தம்பிய உசுரோட புழுவுக்குக் குடுத்துப்போட்டா. எத்தன நாள் அழுகுனா புழு வெக்கும்? நீ இதப் படிச்சவதான, நீயே சொல்லு," என்றார் என்னிடம்.

அது எந்த ஈயின் புழு என்பதைப் பொறுத்தது என்று இழுத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஊரே பற்றி எரியும்போது தீப்பெட்டி என்ன மார்க் என்று கேட்டவளைப் பார்ப்பது மாதிரி இருந்தது. ஆனால் நான் சொன்னது உண்மை. நீலப்பச்சை ஈயில் கிட்டத்தட்ட ஒரே சாயலில் இரண்டு வகை எங்கள் ஊரில் உண்டு, அக்கா தங்கச்சி மாதிரி. ஒருத்தி செத்த சதையிலும் நாள்பட்டு அழுகின புண்ணிலும் முட்டையிடுகிறவள். இன்னொருத்தி செத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அவளுக்கு உயிருள்ள உடம்பு வேண்டும், புது ரத்தம் கசிகிற புண் வேண்டும். எவ்வளவு சுத்தமாகக் கழுவி வைத்த புண்ணானாலும் சரி, பகல் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தால் போதும், உட்கார்ந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடுவாள். மறுநாளே புழு பொரித்துச் சதைக்குள் தலைகீழாகக் குடைந்து இறங்கிவிடும். மேலே இருந்து பார்த்தால் ரத்தக்கசிவு மட்டும்தான் தெரியும். முதல்காரி என்றால் என் அக்கா குற்றவாளி. இரண்டாமவள் என்றால் அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டையும் பிரிக்கிற அடையாளம் ஒரு பொட்டு இடத்தில் இருக்கிறது. இறக்கை உடம்போடு சேர்கிற இடத்தில், இறக்கைக்கு அடியில், ஒரு சின்ன மடல். அழுகலில் முட்டையிடுகிறவளுக்கு அது பழுப்பு. தன் புழுவுக்கு உயிருள்ள சதையைத் தின்னக் கொடுக்கிறவளுக்கு அது மெழுகு மாதிரி வெள்ளை. புழுவாக இருக்கும்போதே சொல்லவும் வழி உண்டு. ஆனால் இவை இளம்புழு, என்னிடம் இருந்த பழைய மைக்ராஸ்கோப்புக்குப் பிடிபடாது. சொன்னாலும் ஊர் நம்பாது. ஈயாகப் பறந்தால்தான் கதை.

உள்ளே நர்ஸ் ஒருத்தி இடுக்கியால் ஒவ்வொரு புழுவாக எடுத்து டர்பன்டைனில் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா காய்ச்சலில் கண்ணை மூடிக் கிடந்தார். உயிரோடு எனக்குக் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். கெஞ்சிக் கூத்தாடி, ஈரப் பஞ்சோடு ஒரு கைப்பிடிக்கும் குறைவாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து அக்காவிடம் நேராகவே கேட்டேன், தினமும் பார்த்தாயா இல்லையா என்று. அவள் கோபப்படவில்லை. "காத்தால கட்டுக் கட்டிப்போட்டுத்தான் போனேன் கண்ணு. சாயந்திரம் வந்தா கட்டு நெகுந்து கெடந்துச்சு, ரத்தமும் கசிஞ்சிருந்துச்சு. கழுவி வேற கட்டுனேன். உள்ள எறங்கியிருக்கும்னு எனக்கென்ன தெரியும்," என்றாள். கட்டு எப்படி நெகிழ்ந்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. அல்லது கேட்கப் பயந்தேன்.

காய்ச்சல் இறங்கியதும் அரங்கசாமி தம்பியைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். இனி நானே பார்த்துக்கொள்கிறேன், அவள் பிறந்த வீட்டுக்குப் போய்க்கொள்ளட்டும், ஊர் கூடி இந்தக் கல்யாணத்தை முறித்துக் கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஊர்ப் பெரியவர் மாசாணம் எங்களுக்குப் பெரியப்பா முறை. அவர் காலைத் தொடாத குறையாக அவகாசம் கேட்டேன். ஈ பொரித்துப் பறக்கிற வரைக்கும் பொறுங்கள் என்றேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஈ வந்து சாட்சி சொல்லுமா அம்மணி?" என்று கேட்டார். சொல்லுமுங்க என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. அமாவாசை கழியட்டும் என்று தவணை கொடுத்தார்.

சாட்சி சொல்லும் என்று சொல்லிவிட்டேன். என்ன சொல்லும் என்று எனக்கே தெரியாது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியாமல் கிடந்து தவித்தேன். அக்கா எனக்கு அம்மா மாதிரி. அவள் நார் தட்டிய கூலியில்தான் நான் படித்தேன். ஆனாலும் நாள் முழுக்க மில்லில் தூசி தின்றுவிட்டு வருகிறவள், ஒருநாள் அசந்து, மறுநாளும் அசந்து, அப்படியே விட்டிருந்தால்? மனுஷிதானே. மடல் பழுப்பாக இருந்தால் நான் என்ன செய்வேன்?

உயிர்ச்சதை தின்னும் புழுவாக இருந்தால் அதை வளர்க்க, அறுத்த சூடு ஆறாத கறியும் ரத்தமும் வேண்டும். உக்கடத்தில் ரசாக் பாய் கடைக்குப் போனேன். என் ஆராய்ச்சிக்கு ஈ பிடிக்க இடம் கொடுத்தவர் அவர்தான். படிப்புத்தான் முடிந்துவிட்டதே, மறுபடியும் எதற்கு என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்கக்கா பாக்காம உட்டிருப்பாங்கன்னு நீங்களே நெனைக்கறீங்களா டீச்சரம்மா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கறி கேட்டால் கறியைக் கொடுங்கள் பாய் என்று எரிந்து விழுந்தேன். அவர் ஈரல் பக்கமாக நல்ல துண்டு ஒன்றை அறுத்து, ஒரு தூக்குப் போசியில் ரத்தமும் பிடித்துக் கொடுத்தார். தினமும் விடியற்காலையில் வரச் சொன்னார்.

போனேன். என் வாடகை அறையில், அட்டைப்பெட்டிக்குள் நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு, உடம்புச் சூட்டுக்குப் பக்கமாக அந்தப் பாட்டிலை வைத்தேன். வீட்டுக்காரம்மா என்னடி நாற்றம் என்று கதவைத் தட்டினாள். எலி செத்துக் கிடக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். கறி கொஞ்சம் பழசானாலும் புழுக்கள் அதை விட்டு வெளியே ஏறின. சுவரில் ஒட்டிச் செத்தன. கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு ஓடிவந்து பார்த்தால், ஒவ்வொரு நாளும் குறைந்திருக்கும். அழுகலில் கொழிக்கிற ஜாதி என்றால் இப்படிச் சாகாதே என்று ஒரு நம்பிக்கை வரும். என் வளர்ப்புத்தான் சரியில்லையோ என்று உடனே அது போகும். ஜென்மத்தில் ஒரு சாமிக்கும் விளக்கு வைக்காதவள், புழு சாகக்கூடாது என்று மாசாணியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். வேறு யாரிடம் போய் இதைக் கேட்பது?

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வந்தேன். அக்கா பிறந்த வீட்டுக்குப் போகவில்லை, தன் வீட்டிலேயே தனியாக இருந்தாள். காலிக் கட்டிலுக்குப் போர்வை விரித்து வைத்திருந்தாள். பொழுது சாய தூக்குப் போசியில் ரசம் சோறு எடுத்துக்கொண்டு அரங்கசாமி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் கூடப் போனேன். அரங்கசாமியின் சம்சாரம் தூக்கை வாங்கி உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் மூடி திறக்காமல் அப்படியே கொண்டுவந்து கொடுத்தாள். அவர் சாப்பிடவில்லையா, அவர்கள் கொடுக்கவில்லையா என்று தெரியவில்லை. அக்கா கேட்கவும் இல்லை. திரும்பி வரும்போது, "அவுங்களுக்குப் பொரட்டிப் படுக்கவெக்கத் தெரியாது கண்ணு. முதுகுலயும் புண்ணு வந்துரும்," என்று மட்டும் சொன்னாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மிஞ்சிய நாலைந்து புழுவும் கடைசியில் பாட்டிலின் அடியில் நான் போட்டு வைத்த மணலுக்குள் இறங்கிக் கூடு கட்டின. பழுப்பு நெல் மாதிரி கூடு. அப்புறம் பார்க்க ஒன்றுமில்லை, காத்திருக்க மட்டும்தான். அடைமழை விடாமல் அடித்தது. கரண்ட் போனால் பல்பும் போய்விடும். அப்போதெல்லாம் பாட்டிலைச் சேலைத் தலைப்பில் சுற்றி வயிற்றோடு வைத்துக்கொள்வேன். கட்டிக்கொடுக்காத பெண் வயிற்றில் ஈயைச் சுமக்கிறேன் என்று நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

ஒருநாள் விடிகாலையில் முதல் ஈ வந்தது. லென்ஸை எடுத்துப் பார்த்தேன். மடல் வெள்ளை. சந்தோஷத்தில் பாட்டிலோடு எழுந்து நின்றுவிட்டேன். மறு நிமிஷமே புத்தி வந்தது. கூட்டை விட்டு வந்த சூட்டில் எந்த ஈயும் வெளிறித்தான் இருக்கும். பிறந்த குழந்தையைப் பார்த்துக் கறுப்பா சிவப்பா என்று சொல்ல முடியாதது மாதிரிதான். உடம்பு காய்ந்து, இறக்கை விரிந்து, நிறம் ஏற வேண்டும். பழுப்பு ஏறுகிறதென்றால் அப்போதுதான் ஏறும்.

அன்றைக்குக் கல்லூரிக்கு லீவு சொன்னேன். பாட்டிலுக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டேன். சுருங்கிக் கிடந்த இறக்கை விரிந்தது. சாம்பல் உடம்பில் மெள்ள மெள்ள நீலம் ஏறியது, அதன் மேல் பச்சை ஏறியது. எத்தனை ஈயைப் பார்த்திருக்கிறேன், ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஏறாதே, ஏறாதே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்தபோது ஈதரில் அதை மயக்கி, இறக்கையைத் தூக்கி, லென்ஸில் பார்த்தேன். மடல் வெள்ளையாகவே இருந்தது, மெழுகு மாதிரி. மறுநாள் வந்த இரண்டும் அப்படியேதான். தரையில் தலையை வைத்துக் கும்பிட்டு அழுதேன். என் அக்காவைச் சந்தேகப்பட்டதற்கும் சேர்த்து அழுதேன்.

அமாவாசை கழிந்த மறுநாள் அரங்கசாமி வீட்டு வாசலில் ஊர் கூடியது. மாமாவைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இளைத்துப்போயிருந்தார், முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கிடந்தார். அக்கா ஒரு ஓரமாக முந்தானையைப் போர்த்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

தெர்மகோல் துண்டில் இரண்டு ஈயைக் குத்தி வைத்திருந்தேன். ஒன்று இந்தப் புண்ணில் பொரித்தது, இன்னொன்று கறிக்கடையில் நான் முன்பு பிடித்த பழுப்பு மடல்காரி. லென்ஸைப் பெரியவர் கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று ஊசிமுனையால் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வெளுப்பாகத்தான் இருக்கிறது என்றார். லென்ஸ் கை மாறிக் கை மாறிப் போனது. நான் இரண்டு ஜாதியின் குணத்தையும் சொன்னேன். அரங்கசாமி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் ஈதான். வெள்ளையாமா, பழுப்பாமா. அழுகாத எடத்துல புழு வெச்சத நாங் கண்டதில்ல," என்றார்.

நாலு பேர் ஆமாம் என்றார்கள். இத்தனை நாள் புழுவுக்கு ரத்தம் ஊட்டியதெல்லாம் வீணா என்று நினைத்தபோதுதான் அவருடைய காளை கண்ணில் பட்டது. ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கிவந்த காளைக்கன்று. புரட்டாசியில் அதற்கு மூக்குக் குத்தியிருந்தார். குத்திய மூக்கில் புழு வைத்து, அவர் தூக்கமில்லாமல் சீத்தா இலையை அரைத்துப் பிழிந்து, வேப்பெண்ணெய் போட்டு, பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"பெரிய மாமா, உங்க காளைக்கு மூக்குல புழு வெச்சுதே, நீங்க அழுக உட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவருக்குச் சட்டென்று கோபம் வந்தது. குத்தி இரண்டு நாள்கூட ஆகவில்லை, புதுப்புண், ரத்தம்கூடக் காயவில்லை, மாட்டுக்குப் புழு அப்படித்தான் வைக்கும், நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று இவர்களைக் கேள் என்றார். சொல்லச் சொல்லவே அவர் குரல் இறங்கியது. அதே ஈதானுங்க இது, மாட்டு உடம்புக்கும் மனுஷ உடம்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது என்றேன். மாடு வைத்திருக்கிறவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டுக்கு என்றால் ஈயின் குற்றம், மனுஷனுக்கு என்றால் பெண்டாட்டியின் குற்றம் என்று இத்தனை காலம் யாரும் யோசிக்காமலே சொல்லிவந்திருக்கிறார்கள். பெரியவர் தலையை ஆட்டினார். அக்கா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அரங்கசாமி காளையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. யோசித்துத்தான் கேட்டார். "மாட்டு மூக்குல கட்டு இல்லீங்களே பெரியவரே. தெறந்து கெடந்த புண்ணு. இவனுக்குத் தெனமும் கட்டுக் கட்டுனேங்கறா. கட்டியிருந்தா அந்த ஈ எப்புடிப் புண்ணத் தொட்டுச்சு?"

நான்தான் சொன்னேன், புண் வெளிச்சத்தில் திறந்து கிடக்க வேண்டும் என்று. என் சாட்சியே என் அக்காவுக்கு எதிராகத் திரும்பி நின்றது. அக்கா, கட்டு நெகிழ்ந்து கிடந்தது என்று முணுமுணுத்தாள். யார் காதிலும் அது ஏறவில்லை. இடுப்புக்குக் கீழே அசையாத ஆளுக்குக் கட்டு தானாக நெகிழுமா என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா, நீ கட்டவே இல்லையா? வாயால் கேட்கவில்லை, ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார், தீர்ப்புச் சொல்ல எழுந்திருப்பது மாதிரி.

"கட்ட அவுத்தது நானு," என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

மாமா இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி போனதிலிருந்து யாரிடமும் வாய் திறக்காதவர். "அவ மில்லுக்குப் போனதும் நாந்தான் அவுத்து உட்டேன். ஜன்னல் வெயிலு இடுப்பு மேல உழுகும். ஒரு ஈ வந்து உக்காந்துச்சு, பச்சையா மினுமினுன்னு. எங் கையிக்கு எட்டற தூரம். நான் ஓட்டல."

அரங்கசாமி கட்டில் பக்கம் போய், ஏன்டா என்று கேட்டார்.

புண் கெட்டுப்போனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்ததாக மாமா சொன்னார். இன்னும் எத்தனை வருஷம் இவள் பீ மூத்திரம் அள்ளுவாள், இவளுக்கும் வயசு இருக்கிறதே என்று நினைத்தாராம். அவள் வரும் நேரம் பார்த்துக் கட்டை மறுபடி தானே சுற்றிக்கொள்வாராம். பழி அவள் தலையில் விழும் என்று தோன்றவே இல்லையாம். விழுந்த பிறகு சொல்லலாம் என்றால், பெண்டாட்டி கொடுமை தாங்காமல் சாகப் பார்த்தான் என்று அதற்கும் அவளையே சொல்வார்களே என்று பயந்து கிடந்தாராம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

அக்கா நேராகக் கட்டிலுக்குப் போனாள். அடிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். அவர் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"நான் ஒருநாளாச்சும் சலிச்சுச் சொன்னனாங்க?" என்று கேட்டாள். "நம்ம ஊட்டுல எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர். என்னக் கேக்காம அதையும் எடுத்துப்போட்டுப் போகப் பாத்தீங்களா?"

அவர் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இருந்தும் அவர் துடைக்கவில்லை. அக்காதான் முந்தானையால் துடைத்தாள், எரிச்சலோடு, மூக்கொழுகும் பிள்ளைக்குத் துடைப்பது மாதிரி. பெரியவர் தீர்ப்பு என்று எதுவும் சொல்லவில்லை. கட்டிலை அவள் வீட்டுக்குத் தூக்குங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்து போனார். கட்டில் கால் ஒன்றை அரங்கசாமியே பிடித்தார். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார், துண்டால் மூடிக்கொள்ளக்கூட இல்லை.

வீட்டில் கட்டிலை இறக்கியதும் அக்கா எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுப் புண்ணைக் கழுவினாள். முதுகைப் புரட்டிப் பார்த்தாள். அவள் சொன்ன மாதிரியே அங்கேயும் தோல் சிவந்திருந்தது. மருந்து வைத்து, கட்டுக் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு, ஆணியில் மாட்டியிருந்த பனையோலை விசிறியை எடுத்துத் தரச் சொன்னாள். அதை வாங்கி அவர் கையில் திணித்து விரல்களை மூடினாள்.

"நான் மில்லுல இருக்கற நேரம் ஈ ஓட்டறது உங்க வேல. ஒண்ணு உக்காந்தாலும் உங்களத்தான் கேப்பேன்," என்றாள்.

அடுப்புப் பற்றவைக்க அவள் உள்ளே போய்விட்டாள். மாமா விசிறியை மார்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு ஈ வந்தது. கட்டின் மேல் வட்டமடித்து, ஓரத்தில் உட்கார்ந்தது. அவர் கழுத்தைத் திருப்பி அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு விசிறி எழுந்து, விசுக்கென்று அதை விரட்டியது. ஈ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் விரட்டினார்.

அது வெறும் வீட்டு ஈ. இருந்த இடத்திலிருந்தே எனக்கு அடையாளம் தெரிந்தது. அந்த ஈயால் கட்டுப் போட்ட புண்ணை ஒன்றும் செய்ய முடியாது. நான் அதை அவரிடம் சொல்லவில்லை.